புனிதமும் உடலொழுக்கமும்: விவிலியப் போதனையும் தமிழ்ச் சொற்களும்

முன்னுரை

தமிழ்த் திருச்சபைகளில் பாலொழுக்கம் குறித்து நிகழ்த்தப்படும் அருளுரைகள் பெரும்பாலும் இளம்பெண்களை நோக்கியே அமைவதை நாம் அறிவோம். உடை, நடை, தோழமை, இரவில் வெளியே செல்லுதல் என அவ்வுரைகள் அடுக்கும் செய்திகள் யாவும் பெண்ணுக்குரியன. இவ்வுரைகளுக்கு ஆதாரமாக எடுத்தாளப்படும் புதிய ஏற்பாட்டுப் பகுதிகளை மூலமொழியில் வாசிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அப்பகுதிகளுள் மிகப் பல ஆண்களை நோக்கி எழுதப்பட்டவை. அவ்வாறாயின், ஆணை நோக்கி எழுதப்பட்ட கட்டளை எவ்வாறு பெண்ணின் தோளில் வந்தமர்ந்தது? சமூகப் பழக்கம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் மொழிபெயர்ப்புச் சொற்களுக்கும் இதில் பங்குண்டு என்பது நமது கருத்து. புனிதம், பாலொழுக்கம் ஆகியன பற்றிய விவிலியப் போதனையை, அதனைத் தமிழில் சுமந்துவரும் சில சொற்களின் வழியே விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

ஈண்டு இரு மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்குவோம். ஒன்று, பவர் அவர்கள் தலைமையிலான குழுவினரால் உருவாக்கப்பெற்று 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபையினர் பலரும் இன்றளவும் வழிபாட்டில் வாசிப்பது இதனையே. இதனைப் பழைய மொழிபெயர்ப்பு என்று சுட்டுவோம். மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். கத்தோலிக்கர் வழிபாட்டில் இது வழங்குகின்றது. நம் நாட்டுத் தமிழ்க் கிறித்துவர் வீடுகளில் இவ்விரண்டில் ஒன்றேனும் இருக்கும்.

'பரிசுத்தம்' என்னும் சொல்

எபிரேய மொழியில் புனிதத்தைக் குறிக்கும் சொல் 'கதோஷ்'. பிரித்து வைக்கப்பட்டது, இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது என்பது இதன் அடிப்படைப் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. தூய்மையைக் குறிக்க அம்மொழியில் 'தாஹோர்' என்னும் வேறொரு சொல் உண்டு. லேவியராகமம் 10:10 இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துப் பேசுகின்றது. புனிதம், பொதுநிலை என்பது ஓர் இணை. தூய்மை, தீட்டு என்பது மற்றோர் இணை. ஒரு பொருள் தூய்மையாக இருந்தும் புனிதமற்ற பொதுப்பொருளாக இருக்கலாம். நாம் அன்றாடம் உண்ணும் சோறு அத்தகையது.

தமிழில் இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. 'பரிசுத்தம்' என்னும் வடசொல் முற்றத் தூயது என்றே பொருள்படும். திருவிவிலியம் கையாளும் 'தூய', 'தூய்மை' என்னும் சொற்களும் அவ்வழிப்பட்டவையே. ஆதலின் தமிழ் வாசகர் உள்ளத்தில் புனிதம் என்பது அழுக்கின்மையாகவும், புனிதத்திற்கு மாறானது அழுக்காகவும் பதிகின்றது. இறைவனுக்கு உரியவராதல் என்னும் உறவுநிலைப் பொருள் பின்னுக்குச் சென்றுவிடுகின்றது. பழைய மொழிபெயர்ப்பு லேவியராகமத்தில் 'தீட்டு' என்னும் சொல்லை மிகுதியாகக் கையாள்வது நிலைமையை மேலும் சிக்கலாக்குகின்றது. தமிழ்ச் சமூகத்தில் தீட்டு என்பது வெறும் சடங்குச் சொல்லன்று. சாதிக்கும் மாதவிலக்குக்கும் உரிய நெடுங்கால வரலாறு அச்சொல்லோடு கூடவே வருகின்றது.

லேவியராகமம் கூறும் தீட்டு எத்தன்மையது? யோனத்தான் கிளாவான்ஸ் என்னும் ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட நூலில் பண்டை யூத சமயத்தின் தீட்டினை இரு வகையாகப் பகுத்துக் காட்டினார். ஒன்று சடங்குத் தீட்டு. மற்றொன்று அறநெறித் தீட்டு. மகப்பேறு, மாதவிலக்கு, விந்து வெளிப்பாடு ஆகியவற்றால் வருவது சடங்குத் தீட்டு. இது இயல்பானது, பாவமன்று, குளித்துக் குறித்த காலம் கழிந்தால் நீங்கிவிடும். கணவன் மனைவியரின் முறையான கூடல்கூட மாலை வரை தீட்டாகும் என்று 15:18 கூறுகின்றது. அதே நூல் மக்களைப் பெருக்குதலை இறைவாக்குறுதியாகவும் கூறுவதால் (26:9), அத்தீட்டைப் பாவமாகக் கொள்ள இயலாது என்பது வெளிப்படை. 18-ஆம் அதிகாரத்தில் பட்டியலிடப்படும் முறைதவறிய உறவுகளோ அறநெறித் தீட்டினை உண்டாக்குவன. இது தொடுவதால் பரவுவதன்று, குளிப்பதால் நீங்குவதுமன்று. இவ்விரு வகைகளையும் ஒரே 'தீட்டு' என்னும் சொல்லில் கேட்கும் தமிழர், மாதவிலக்கையும் பாலியல் குற்றத்தையும் ஒரே வரிசையில் வைத்துவிட வாய்ப்புண்டு. வைத்தும் இருக்கின்றோம். வழிபாட்டிடத்தில் பெண்கள் எதிர்கொள்ளும் சில தயக்கங்கள் இதற்குச் சான்று.

லேவியராகமம் 17 முதல் 26 வரையுள்ள பகுதியைப் புனிதச் சட்டத்தொகுப்பு என்று அறிஞர் வழங்குவர். 1877-இல் கிளோஸ்டர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. பாலியல் விலக்குகளைக் கூறும் 18, 20 ஆகிய அதிகாரங்களுக்கு நடுவே 19-ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. இறைவன் புனிதராயிருப்பதால் மக்களும் புனிதராக வேண்டும் என்னும் அழைப்போடு தொடங்கும் அவ்வதிகாரம், அப்புனிதத்தை எதனால் நிரப்புகின்றது என்பது கவனிக்கத்தக்கது. அறுவடையில் ஏழைக்குக் கதிர் விட்டுவைத்தல், கூலியாளின் கூலியை மறுநாள் வரை நிறுத்தி வைக்காமை, செவிடரை இகழாமை, முதியோரை மதித்தல், அந்நியரைத் தம்மவர் போல் நேசித்தல், கள்ள நிறையும் கள்ள அளவும் இல்லாமை ஆகியன அங்குப் பேசப்படுகின்றன. பாலொழுக்கம் புனிதத்தின் ஒரு பகுதி. முறையான நிறைகல்லும் அதன் ஒரு பகுதியே. தம்மிடம் பணிபுரிவோரின் கூலியைக் காலந்தாழ்த்தும் முதலாளியொருவர் தம் மகளின் ஒழுக்கத்தைக் கொண்டு குடும்பத்தின் புனிதத்தை அளப்பாராயின், அவர் அந்நூலின் ஓரத்தை மட்டுமே வாசித்தவர் எனலாம்.

போர்னெயா: வேசித்தனமும் பரத்தைமையும்

புதிய ஏற்பாட்டில் பாலியல் ஒழுங்கீனத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'போர்னெயா'. கிரேக்கத்தில் விலைமகளைக் குறித்த 'போர்னே' என்னும் சொல்லின் அடியாக இது பிறந்தது. அதுவோ விற்றலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. யூதர்கள் கிரேக்கத்தில் எழுதத் தொடங்கியபோது இச்சொல்லின் பரப்பு விரிந்தது. திருமண உறவுக்குப் புறம்பான எல்லாக் கூடலையும் அது குறிக்கலாயிற்று. அன்றைய கிரேக்க உரோமைய ஆண்மகனுக்கு இது புதிய செய்தி. கி.மு. 18 அளவில் அகுஸ்துஸ் பேரரசர் இயற்றிய சட்டம் திருமண முறிவுக் குற்றத்தைப் பெண்ணின் நிலையைக் கொண்டே வரையறுத்தது. பிறன் மனைவியைக் கூடுவது குற்றம். மணமான ஆண் ஒருவன் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ செல்வது அச்சட்டத்தின்படி குற்றமன்று. கைல் ஹார்ப்பர் 2013-இல் வெளியிட்ட நூலில் விளக்குவது போல, சட்டமும் சமூகமும் ஆணுக்கு அனுமதித்திருந்த இந்த அகன்ற வெளியையே கிறித்துவப் போதனை போர்னெயா என்னும் ஒற்றைச் சொல்லால் அடைத்தது. ஆகவே அச்சொல் முதன்மையாக ஆணை நோக்கிச் சுட்டிய விரல் எனில் மிகையாகாது.

தமிழில் அவ்விரல் திரும்பிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பு 'வேசித்தனம்' என்றும் 'வேசிமார்க்கம்' என்றும் கூறுகின்றது. சொற்பிறப்பு நோக்கில் இதனைப் பிழை என்று கூற இயலாது. ஆயினும் வேசி என்பாள் பெண். ஆண் செய்யும் தவற்றுக்கும் பெண்ணின் பெயரே அடைமொழியாகின்றது. 'விபசாரம்' என்னும் சொல்லின் கதை இன்னும் வியப்புக்குரியது. நெறி பிறழ்தல் என்னும் பொருளுடைய வடசொல் அது. மூலத்தில் பால்வேறுபாடு இல்லை. திருமண உடன்படிக்கையை மீறுதலைக் குறிக்க இரு மொழிபெயர்ப்புகளும் இதனைக் கையாள்கின்றன. ஆனால் நாளிதழ்களின் வழக்கில் இச்சொல் விலைமாதர் தொழிலுக்கு உரியதாகிவிட்டது. பத்துக் கட்டளைகளுள் ஒன்றை இன்று வாசிக்கும் மாணவர் ஒருவர், அது விடுதி நடத்துவோரைப் பற்றியது என்று எண்ணினால் அவரைக் குறைகூற முடியாது. மனைவியை வஞ்சிக்கும் கணவன் அக்கட்டளைக்கு வெளியே நின்றுவிடுகின்றான்.

திருவிவிலியம் தேர்ந்த சொல் 'பரத்தைமை'. அகத்திணை மரபை அறிந்த நமக்கு இச்சொல் மருதத்தை நினைவூட்டும். தலைவன் பரத்தையிற் பிரிதலும், தலைவி ஊடுதலும், வாயில் மறுத்தலும் மருதத்தின் பொருள்கள். அங்கே தவறிழைப்பவன் தலைவன் என்பது பாட்டுக்குப் பாட்டு வெளிப்படை. ஆயினும் அம்மரபு அவனுடைய பிரிவை ஊடலுக்குரிய காரணமாகக் கண்டதே தவிர, விலக்கவேண்டிய தீமையாகக் கண்டதில்லை. 'பரத்தன்' என்னும் ஆண்பால் வடிவமும் தமிழில் உண்டு. திருக்குறளின் 1311-ஆம் குறளில் தலைவி தன் கணவனை அவ்வாறே விளிக்கின்றாள். மொழியில் இருந்த இவ்வடிவம் வழக்கொழிந்து பெண்பால் வடிவம் மட்டும் நிலைத்தது ஏன் என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் எழுப்பலாம்.

கொரிந்து நகரைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே திருத்திக்கொள்வது நலம். அந்நகர்க் கோயிலில் ஆயிரம் தேவதாசியர் இருந்தனர் என்று அருளுரைகளில் கூறப்படுவதுண்டு. இது ஸ்திராபோ என்னும் புவியியலாளர், கி.மு. 146-இல் உரோமையரால் அழிக்கப்படுவதற்கு முன்னிருந்த பழைய நகரைப் பற்றிக் கூறியது. பவுல் கண்ட கொரிந்து, கி.மு. 44-இல் யூலியுஸ் சீசரால் மீண்டும் நிறுவப்பட்ட உரோமையக் குடியேற்றம். பழைய நகரைப் பற்றிய கூற்றே ஐயத்திற்குரியது என்று ஸ்டெபனி பூடின் 2008-இல் விரிவாக வாதிட்டுள்ளார். பவுல் எதிர்கொண்டது அயலார் கோயிலின் விந்தைப் பழக்கமன்று. இரு துறைமுகங்களைக் கொண்ட ஒரு வணிக நகரில், தம் உடலால் எதையும் செய்யத் தமக்கு உரிமையுண்டு என்று கருதிய சொந்தச் சபையினரின் பழக்கத்தையே அவர் எதிர்கொண்டார்.

அவருக்கு அவர் தரும் விடை 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அழியப்போவது எனக் கருதி உடலை இகழ்ந்தவர்களிடம், உடல் உயிர்த்தெழப் போவது என்றும், தூய ஆவியின் ஆலயம் என்றும் கூறுகின்றார். உடல் இழிந்தது, ஆகவே அடக்கு என்பது அவர் வாதமன்று. உடல் உயர்ந்தது, ஆகவே காத்துக்கொள் என்பதே. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தில், அவர்கள் ஏற்கெனவே கழுவப்பட்டும் புனிதமாக்கப்பட்டும் இருப்பதை நினைவூட்டுகின்றார். முதலில் நிலை வழங்கப்படுகின்றது. ஒழுக்கம் அதனைத் தொடர்கின்றது. ஒழுகிக் காட்டினால் புனிதராவாய் என்னும் வரிசை அங்கில்லை. (6:9-இல் இடம்பெறும் இரு கிரேக்கச் சொற்களின் பொருள் குறித்து இன்று கடும் விவாதம் நிகழ்கின்றது. பழைய மொழிபெயர்ப்பு அவற்றுள் ஒன்றைச் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று பெயர்த்திருப்பதை இன்றைய ஆய்வாளருள் எவரும் ஏற்பதாகத் தெரியவில்லை. அது தனிக்கட்டுரைக்குரிய பொருள்.)

அடுத்த அதிகாரத்தின் 4-ஆம் வசனம் அன்றைய உலகிற்கு அதிர்ச்சி தந்திருக்கும். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரமுண்டு என்பதை எவரும் ஒப்புவர். கணவனின் உடல்மேல் அவனுக்கே அதிகாரமில்லை, மனைவிக்கே உண்டு என்று அதே மூச்சில் கூறுவதே புதுமை. ஜெனிஃபர் கிளான்சி 2002-இல் எழுப்பிய ஒரு வினாவையும் இங்கு மறைத்தல் ஆகாது. தம் உடல் தமக்கே உரியதல்லாத அடிமைகள் அச்சபைகளில் இருந்தனர். உரிமையாளரை மறுக்க இயலாத அடிமைப் பெண்ணுக்குப் போர்னெயாவை விட்டு விலகு என்னும் கட்டளை என்ன பொருள் தந்திருக்கும்? பவுல் இதற்கு நேர்விடை எதுவும் தரவில்லை.

சரீரபாண்டமா, மனைவியா?

கி.பி. 50 அளவில் எழுதப்பட்ட 1 தெசலோனிக்கேயர், புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையதெனப் பலரும் கொள்வது. அதன் 4-ஆம் அதிகாரம் புனிதத்தையும் பாலொழுக்கத்தையும் நேரடியாக இணைக்கின்றது. 4-ஆம் வசனத்தில் ஒவ்வொருவனும் தன் 'ஸ்கெயுஒஸ்' என்பதைப் புனிதத்தோடும் மதிப்போடும் அடைய அல்லது ஆள அறிந்திருக்க வேண்டும் எனப்படுகின்றது. இச்சொல்லின் நேர்ப்பொருள் பாத்திரம், கலம் என்பதே. பாத்திரம் எதனைக் குறிக்கின்றது என்பதில் பண்டைய உரையாசிரியர் காலந்தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. அவனவன் உடல் என்பர் ஒரு சாரார். அவனவன் மனைவி என்பர் மறுசாரார்.

தமிழில் இவ்விரு கருத்துகளும் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பில் குடியேறியுள்ளன. பழைய மொழிபெயர்ப்பு 'சரீரபாண்டம்' என்கின்றது. கலம் என்னும் உருவகத்தையும் விடாமல், உடல் என்னும் விளக்கத்தையும் உடன்சேர்த்த திறமான கூட்டுச்சொல் இது. திருவிவிலியமோ 'மனைவி' என்று கொண்டு, அவரைத் தூயவராகக் கருதி மதிப்புடன் நடத்தவேண்டும் என்னும் கருத்தில் பெயர்க்கின்றது. முன்னது தன்னடக்கத்தைக் கற்பிக்கின்றது. பின்னது பிறரை நடத்தும் முறையைக் கற்பிக்கின்றது. இரு சபைகளைச் சேர்ந்த நண்பர் இருவர் ஒரே வசனத்தைக் கொண்டு விவாதித்தால், தாம் பேசுவது ஒரே வசனம்தானா என்று ஐயுறக்கூடும்.

உடல் என்னும் பொருளே சூழலுக்கு மிகப் பொருந்துவது என்பது நமது கருத்து. மணமாகாதவரும் கைம்பெண்டிரும் அடங்கிய ஒரு சபையில் 'ஒவ்வொருவனும்' என்று தொடங்கும் கட்டளை, மனைவியுடையாரை மட்டும் சுட்டுவதாகக் கொள்வது கடினம். எனினும் திருவிவிலியத்தின் தேர்வு வெறும் பிழையன்று. 6-ஆம் வசனம் இச்செயலில் சகோதரனை ஏமாற்றுதலைக் கண்டிக்கின்றது. அங்குள்ள கிரேக்க வினை, பேராசையால் பிறர் பங்கைக் கவர்தலைக் குறிப்பது; பவுல் மறைவற்ற வணிக வஞ்சனைச் சொல்லைப் பாலுறவுக்குக் கொண்டுவருகின்றார். பாலியல் தவறு என்பது தன்னை அழுக்காக்கிக் கொள்வது மட்டுமன்று. மற்றொருவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும் என்னும் கருத்து இதனால் பெறப்படுகின்றது. தீட்டு என்னும் சொல் வழியே மட்டும் சிந்திப்போர் காணத் தவறுவது இதுவே.

கற்பு

தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவினின்று வேறுபட்ட மணநிலை. கொடுப்போர் கொடுப்பக் கரணத்தொடு கொள்வது அது. பிற்காலத்தில் அச்சொல் பெண்ணின் பண்பாகச் சுருங்கியது. நம் வகுப்பறைகளில் கற்பு என்றதும் முதலில் எழும் பெயர் கண்ணகியுடையதே. வள்ளுவர் பிறனில் விழையாமையை ஆணின் அறமாக வகுத்துத் தனியதிகாரம் செய்திருப்பினும், அதற்குக் கற்பு என்று பெயரிடவில்லை. பாரதியார் இதனை இருபாலார்க்கும் பொதுவாக்கக் கோரினார். பெரியார் தம் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இச்சொல்லையே கேள்விக்குள்ளாக்கினார்.

இவ்விருவர்க்கும் முன்பே, 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், கற்பு ஓர் இளைஞனுக்கு உரியதாக்கப்பட்டிருந்தது என்பது பலர் கவனியாத செய்தி. பவுலின் பெயரில் அமைந்த 1 தீமோத்தேயு 4:12-இல், இளம் ஊழியனாகிய தீமோத்தேயு சபைக்கு மாதிரியாக விளங்கவேண்டிய பண்புகளுள் ஒன்று 'ஹாக்னெயா'. பழைய மொழிபெயர்ப்பு இதனைக் கற்பு என்றே பெயர்க்கின்றது. 5:2-இலும் அவ்வாறே. மொழிபெயர்ப்பாளர்கள் சமூகச் சீர்திருத்த நோக்கில் இதனைச் செய்தார்கள் என்று கூறச் சான்றில்லை. மூலச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்லைப் பேண முயன்றதன் விளைவாகவே இது தோன்றுகின்றது. தீத்து 2:5-இல் பெண்களுக்கும் அதே சொல் வருகின்றது. திருவிவிலியத்தில் தீமோத்தேயுவுக்குரியது 'தூய்மை' ஆகிவிட்டது. இயல்பான தமிழ்தான். ஆனால் ஆணின் கற்பு என்று தமிழ் விவிலியம் துணிந்து சொன்ன ஓரிடம் அதனால் மறைந்துவிட்டது.

இன்றைய சூழல்

அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய கன்னிமை உறுதிமொழி இயக்கமும், 1997-இல் வெளிவந்த யோசுவா ஹாரிஸின் காதலொழுக்க நூலும் ஆங்கிலம் வாசிக்கும் சபை இளைஞரிடையே பரவலாக அறியப்பட்டவை. அவ்வியக்கச் சூழலில் தூய்மை என்பது ஒருமுறை இழந்தால் மீளாத பொருளாகவே பெரிதும் பேசப்பட்டது. ஹாரிஸ் 2018-இல் தம் நூலுக்காக வருத்தம் தெரிவித்து அதன் வெளியீட்டை நிறுத்தினார். தமிழில் இக்கருத்து எளிதாக வேர்கொள்ளும். 'கற்பிழத்தல்' என்னும் தொடர் நம்மிடம் முன்னரே உண்டு. வல்லுறவைக் 'கற்பழிப்பு' என்று நெடுங்காலம் எழுதியவர்கள் நாம். குற்றம் செய்தவன் ஒருவன். இழந்தவளாகப் பெயர் பெறுபவள் மற்றொருத்தி. பாலியல் வல்லுறவு, வன்புணர்வு என்னும் சொற்கள் இப்போது அவ்விடத்தைப் பெற்றுவருவது நல்ல மாற்றம்.

2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் தாமார் தன்னை வலிந்து பற்றும் அம்னோனிடம் பேசும் சொற்களை இங்கு நினைக்கலாம். தன் அவமானத்தைச் சுமந்து தான் எங்கே செல்வது என்று அவள் கேட்கின்றாள். அவள் காலச் சமூகமும் நம் சமூகம் போன்றதே. ஆயினும் அச்செயலுக்கு மதிகேடு என்று பெயரிட்டு, அதனால் இஸ்ரவேலின் மதிகேடருள் ஒருவனாவாய் என்று அம்னோனிடமே அவள் கூறுகின்றாள். யோவான் 8-ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி, மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லாத பகுதி. அது எங்கிருந்து வந்திருப்பினும் அதில் ஒரு வெற்றிடம் உண்டு. லேவியராகமம் 20:10 இருவரையும் தண்டிக்கச் சொல்கின்றது. கொண்டுவரப்பட்டவள் ஒருத்தி மட்டுமே. மத்தேயு 5:28-இல் இயேசு நோக்குபவனின் கண்ணைப் பற்றியே பேசுகின்றார். நோக்கப்பட்டவளின் உடையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கணினித் திரையும் கைப்பேசியும் கண்ணுக்கு எல்லையற்ற வாயிலைத் திறந்துவிட்ட இந்நாளில், அவ்வசனம் முன்னெப்போதையும்விட நேரடியாக ஆணிடம் பேசுகின்றது.

திருச்சபைகளுக்குள் நிகழ்ந்த பாலியல் கொடுமைகள் 2002-இல் பாஸ்டன் நகர நாளிதழ் வெளிப்படுத்திய செய்திகளாலும், 2022 அக்டோபரில் நிறைவறிக்கை அளித்த இங்கிலாந்து விசாரணைக் குழுவினாலும் உலகறிந்தவையாயின. 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில், தந்தையின் மனைவியோடு வாழ்ந்த ஒருவனைக் குறித்துப் பவுல் எழுதும்போது அவனைவிடச் சபையையே மிகுதியாகக் கடிந்துகொள்கின்றார். அறிந்தும் பெருமை பாராட்டி வாளாவிருந்தது அதன் குற்றம். புறத்தாரைத் தீர்ப்பிடுவது தம் வேலையன்று, அகத்தாரைத் தீர்ப்பிடுவதே சபையின் கடமை என்று அவ்வதிகாரம் முடிகின்றது. பல சபைகள் இதனைத் தலைகீழாகக் கைக்கொண்டு, புறவுலகின் ஒழுக்கத்தைக் கண்டித்துத் தம் ஊழியரின் தவற்றை மூடிவந்தன.

1 தீமோத்தேயு 5:2 இவ்விடத்தில் மீண்டும் நம் கவனத்திற்கு வருகின்றது. முதிய பெண்களைத் தாயராகவும் இளம்பெண்களைச் சகோதரிகளாகவும் பாவித்து அறிவுரை கூறவேண்டும் என்பது அங்கே ஊழியனுக்கு இடப்பட்ட கட்டளை. பழைய மொழிபெயர்ப்பின்படி அவன் அதனைக் கற்போடு செய்யவேண்டும். அறிவுரை கூறும் அதிகாரம் அவனிடம் உள்ளது; கற்பும் அவனிடமே கேட்கப்படுகின்றது. இளம்பெண்களிடம் கேட்கப்பட்டது எதுவும் அவ்வசனத்தில் இல்லை.